வீட்டுத் திரையரங்கின் ஒலி: அமைப்பதும் மேம்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஹாலிலோ தனியறையிலோ சரவுண்ட் ஒலி அமைக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இது குறித்த வழிகாட்டிகள் பெரும்பாலும் மரச்சட்டகச் சுவரும் கம்பளம் விரித்த தரையும் கொண்ட மேலைநாட்டு வீடுகளை எண்ணி எழுதப்படுபவை. செங்கல் சுவர், காங்கிரீட் தளம், டைல்ஸ் தரை, ஓயாமல் சுழலும் மின்விசிறி, ஒரு பக்கம் சமையலறையை நோக்கித் திறந்துகிடக்கும் ஹால் என்று நம் வீடுகளின் நிலைமை வேறு. ஆகவே 12 அடிக்கு 15 அடி அளவும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சாதாரண ஹாலை மனத்தில் வைத்தே இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

5.1, 7.1, 5.1.2 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

முதல் எண், காது மட்டத்தில் நம்மைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. இரண்டாவது எண், ஆழ்ந்த ஒலியை மட்டும் தரும் சப்வூஃபர் பெட்டியைக் குறிக்கும். மூன்றாவது எண் ஒன்று இருந்தால், அது தலைக்கு மேலிருந்து ஒலி தரும் ஸ்பீக்கர்களுக்கானது. 5.1 என்றால் முன்புறம் இடம், நடு, வலம் என மூன்றும், பக்கவாட்டில் இரண்டும், ஒரு சப்வூஃபரும் இருக்கும். சப்வூஃபருக்குரிய தடத்தை முழுச் சேனலாக எண்ணாமல் '.1' என்று எழுதுவதற்குக் காரணம், அது ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலியை மட்டுமே தாங்கி வருவதுதான். 7.1 அமைப்பில் முதுகுக்குப் பின்னால் மேலும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேரும்.

டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், அட்மாஸ் ஆகியவை எவ்வாறு வேறுபடுகின்றன?

இவை படத்தின் சுற்றொலியைப் பதிவுசெய்து அனுப்பும் வடிவங்கள். டால்பி டிஜிட்டல் 1992-இலும் டிடிஎஸ் 1993-இலும் திரையரங்குகளுக்கு வந்தன. டிடிஎஸ் முறையில் படச்சுருளில் நேரக்குறி மட்டும் பதிவாகியிருக்கும். ஒலியோ தனிக் குறுந்தட்டிலிருந்து வரும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நம் ஊர்த் திரையரங்குகள் படத்தின் பெயருக்கு இணையாக 'டிடிஎஸ்' என்று சுவரொட்டியில் அச்சடித்தது பலருக்கும் நினைவிருக்கும். இவ்விரண்டிலும் எந்த ஒலி எந்தச் சேனலுக்கு, அதாவது எந்த ஸ்பீக்கருக்கு என்பது ஒலிக்கலவைக் கூடத்திலேயே முடிவாகிவிடும். 2012-இல் திரையரங்குகளுக்கும் 2014-இல் வீடுகளுக்கும் வந்த டால்பி அட்மாஸ், ஒரு ஒலி அறையின் எந்தப் புள்ளியில் கேட்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. வீட்டில் உள்ள ஸ்பீக்கர்களின் எண்ணிக்கைக்கும் இடத்துக்கும் ஏற்ப ரிசீவரே (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

தனித்தனி ஸ்பீக்கர்கள் தேவையா, சவுண்ட்பார் போதாதா?

வாடகை வீடு, சுவரில் துளையிட அனுமதியில்லை, வயர் கண்ணில் படக் கூடாது என்ற நிலையில் சவுண்ட்பார் நியாயமான தேர்வே. சப்வூஃபரும் பின்புற ஸ்பீக்கர்களும் சேர்ந்து வரும் சவுண்ட்பார்கள் உண்மையாகவே சுற்றொலி தருகின்றன. பின்புற ஸ்பீக்கர் இல்லாமல், சுவரில் ஒலியைத் தெறிக்க வைத்துச் சுற்றொலி தருவதாகச் சொல்லும் வகைகள் இருபுறமும் சமச்சீரான சுவர் இருந்தால்தான் பலன் தரும். ஒரு பக்கம் பால்கனிக் கதவும் மறுபக்கம் திறந்த உணவறையும் இருக்கும் ஹாலில் அந்த வித்தை எடுபடாது. தனித்தனி ஸ்பீக்கர்களின் பெரிய நன்மை, ஒவ்வொன்றாக வாங்கலாம், ஒவ்வொன்றாக மாற்றலாம் என்பதே. சவுண்ட்பாரில் ஒரு பாகம் பழுதானாலோ தொழில்நுட்பம் மாறினாலோ பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடும்.

பணத்தை எப்படிப் பிரித்துச் செலவிடுவது?

கடையில் முதலில் கண்ணில் படுவது ரிசீவர். விலை சொல்வதும் அதிலிருந்துதான் தொடங்கும். செலவின் வரிசை அப்படி இருக்க வேண்டியதில்லை. கையிருப்பில் பெரும்பகுதியை முன்புற மூன்று ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் ரிசீவரும் பக்கவாட்டு ஸ்பீக்கர்களும் வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டுகள்கூட உழைக்கும்; ரிசீவரோ எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) தரமும் ஒலி வடிவங்களும் மாறும்போதெல்லாம் பழையதாகிக்கொண்டே இருக்கும். தொகை குறைவாக இருந்தால் மலிவான 7.1 தொகுதியைவிட, தரமான இரண்டு முன்புற ஸ்பீக்கர்களில் தொடங்கி 3.1, பிறகு 5.1 என்று வளர்த்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. முன்புற மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் இடப்புறமிருந்து வலப்புறம் ஓடும் காரின் ஓசை நடுவில் வரும்போது வேறு வண்டியின் ஓசையாக மாறிவிடும்.

எத்தனை வாட் தேவை? சில பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வாட் போட்டிருக்கிறதே?

அந்த ஆயிரங்கள் பெரும்பாலும் 'பிஎம்பிஓ' என்ற கணநேர உச்சத்திறன் கணக்கில் எழுதப்படுபவை. அதற்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் இல்லாததால், அந்த எண்ணை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடவே முடியாது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் 'ஆர்எம்எஸ்' வாட். அதிலும் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் இயங்கும்போது' என்ற நிபந்தனையோடு தரப்பட்ட எண். ஒரே சேனலை மட்டும் இயக்கி, ஒரே அதிர்வெண்ணில், கூடுதல் சிதைவை அனுமதித்து அளந்த எண் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காதுக்கு அது சற்றே கூடியதாகத்தான் படும். 87 டெசிபெல் உணர்திறன் (1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் தரும் ஒலியளவு) கொண்ட ஒரு ஸ்பீக்கர், 1 வாட் மின்திறனில் 10 அடி தொலைவில் சாதாரணப் பேச்சொலியைவிட உரக்கவே கேட்கும். ஆகையால் 70 வாட் ரிசீவருக்கும் 90 வாட் ரிசீவருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. அதே தொகையில் 3 டெசிபெல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் கிடைத்தால், அது ரிசீவரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

ஸ்பீக்கர்களை எங்கே வைக்க வேண்டும்?

முதலில் அமரும் இடத்தை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து கோணங்களை அளக்க வேண்டும். திரையின் நடுவை 0 பாகை என்று கொண்டால், முன்புற இடமும் வலமும் 22 முதல் 30 பாகைக்குள் வர வேண்டும். திரையிலிருந்து 9 அடி தள்ளி அமர்பவருக்கு, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 7 முதல் 10 அடி இடைவெளி வேண்டும் என்பது இதன் பொருள். டிவி மேசையின் இரு ஓரங்களில் 4 அடி இடைவெளியில் ஒட்டி வைத்துவிட்டு, ஒலி விரிவாக இல்லையே என்று குறைபட்டுக்கொள்பவர்களே அதிகம். மேசையிலிருந்து இறக்கித் தனி ஸ்டாண்டில் வைத்து, உயர் அதிர்வெண் தரும் ட்வீட்டர் அமர்ந்தவரின் காது உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 3 முதல் 3½ அடிக்கு வருமாறு செய்து, சற்றே உள்நோக்கித் திருப்பினாலே ஒலி வேறாகிவிடும். செலவு ஸ்டாண்டுக்கு மட்டும்தான்.

5.1 அமைப்பில் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 110 முதல் 120 பாகையில், அதாவது காதுக்கு நேர்பக்கத்திலிருந்து சற்றே பின்னால் நிற்க வேண்டும். காதுக்கு ஓரடி, இரண்டடி மேலே இருந்தால் ஒருவர் தலை மற்றவருக்கு மறைக்காது. ஹாலின் பின்மூலைகளில் கூரையை ஒட்டி உயரத்தில் அறைந்துவிடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எலெக்ட்ரீஷியனுக்கு அது எளிது. கேட்பவருக்கு மழையும் வெடியும் எல்லாம் ஒரே மூலையிலிருந்து ஒழுகுவதாகத் தோன்றும்.

சோபா பின்சுவரை ஒட்டித்தான் போட முடியும். அப்படியானால் 7.1 வைக்கலாமா?

வேண்டாம். பின்புற இரண்டு ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 பாகையில் நிற்கப் பின்னால் சில அடி இடம் வேண்டும்; சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் அந்த இடமே இல்லை. அத்தகைய ஹாலில் நன்றாக அமைத்த 5.1 போதும். முடிந்தால் சோபாவை ஓரடி, ஒன்றரையடி முன்னே இழுப்பது நல்லது. ஏனெனில் சுவரையொட்டித்தான் ஆழ்ந்த ஒலி மிகுந்து குமுறும்; தலைக்குப் பின்னால் உடனே தெறித்து வரும் ஒலி முன்புற ஒலியின் தெளிவையும் கெடுக்கும். அந்தச் சிறு இடமும் இல்லையென்றால், தலைக்குப் பின்னுள்ள சுவர்ப்பகுதியில் தடித்த திரைத்துணியோ பஞ்சு வைத்த பலகையோ பொருத்தலாம்.

வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. சண்டை வந்தால் காது கிழிகிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே படம் பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

கேள்விகளிலேயே முதன்மையானது இது. ஒரு வீட்டு அமைப்பின் தரத்தை வெடிச்சத்தத்தால் அளப்பதைவிட, தாழ்ந்த குரலில் பேசும் வசனம் மூலத்திலிருந்து காதுக்குப் பிசிறில்லாமல் வருகிறதா என்று பார்த்து அளப்பதே சரி. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி முன்புறம் நடுவில் உள்ள சென்டர் ஸ்பீக்கர் ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே அந்த ஒன்றைச் சீர்செய்தால் குறையில் பாதி தீரும்.

அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவி மேசையின் கீழ்த்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், அரையடி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தால், ஒலி மேல்பலகையிலும் பக்கப்பலகையிலும் மோதி, பானைக்குள் பேசியதுபோல் வெளியே வரும். ஸ்பீக்கரின் முன்முகம் பலகையின் விளிம்போடு சமமாகவோ அரை அங்குலம் வெளியே நீட்டியோ இருக்கும்படி முன்னே இழுக்க வேண்டும். முன்பக்க அடியில் ஒரு சிறு ரப்பர் ஆப்பு வைத்து, முகம் அமர்ந்தவரின் காதை நோக்கி நிமிருமாறு செய்ய வேண்டும். டார்ச் விளக்கு ஒன்றை அதன் மேல் படுக்க வைத்து, வெளிச்சம் சோபாவில் அமர்ந்தவரின் முகத்தில் விழுகிறதா என்று பார்த்தால் சாய்வு சரியா என்பது தெரிந்துவிடும்.

பிறகு ரிசீவரில் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டிப் பார்க்கலாம். சத்தத்துக்கும் மெல்லொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் 'நைட் மோட்', 'டைனமிக் வால்யூம்', 'டிஆர்சி' போன்ற பெயர்களில் இருக்கும். குழந்தைகள் உறங்கும் வீட்டில் அதைப் பயன்படுத்துவதில் தவறு எதுவும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வசனம் மங்கலாக இருந்தால், கோளாறு அறையின் எதிரொலியில் இருக்கக்கூடும். அதற்கான பதில் கீழே உள்ளது.

சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது?

ஆழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்ளாது. ஆகவே எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். திசையைப் பொறுத்தவரை அது சரி; அளவைப் பொறுத்தவரை சரியில்லை. 15 அடி நீளமுள்ள அறையில் 38 ஹெர்ட்ஸ் அளவிலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒலியலை சுவருக்குச் சுவர் மோதி நிலையலையாக நின்றுவிடும். சுவரோரத்தில் அந்த அதிர்வெண் பெருகும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். காங்கிரீட்டும் செங்கல்லும் ஆழ்ந்த ஒலியை உறிஞ்சாமல் திருப்பியடிப்பதால், நம் வீடுகளில் இந்த மேடுபள்ளம் மேலைநாட்டு மரவீடுகளில் உள்ளதைவிடக் கடுமையாக இருக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் இரண்டு மேடுகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும் என்பதால் அது இன்னும் மோசம்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை உண்டு. சப்வூஃபரைத் தற்காலிகமாகச் சோபாவில் நாம் அமரும் இடத்திலேயே வைத்துவிட்டு, பாஸ் கிடார் ஏறியிறங்கும் ஒரு பாடலைத் தொடர்ந்து ஒலிக்கவிட வேண்டும். பிறகு காதைத் தரையருகே வைத்துக்கொண்டு, சப்வூஃபரை வைக்க வாய்ப்புள்ள இடங்களிலெல்லாம் தவழ்ந்து சென்று கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவில், ஒன்று குமுறாமல் ஒன்று காணாமல் போகாமல் கேட்கின்றனவோ அங்கே சப்வூஃபரை வைத்தால், சோபாவில் அமரும்போதும் ஏறக்குறைய அதே சமநிலை கிடைக்கும். வீட்டார் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் கூடுவது பெரும்பாலும் மேற்சொன்ன நிலையலைகளே. ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில், அதே விலையில் இரண்டு நடுத்தர சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் எல்லா இருக்கைகளிலும் சீரான ஒலி கிடைக்கும்.

'லார்ஜ்', 'ஸ்மால்' என்பதில் எதைத் தேர்ந்தெடுப்பது? கிராஸ்ஓவர் எவ்வளவு?

சப்வூஃபர் இருக்கும் வீட்டில், ரிசீவரின் அமைப்பில் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் 'ஸ்மால்' என்பதையே தேர்ந்தெடுக்கலாம். ஸ்பீக்கரின் உருவத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடு என்பதே அதன் பொருள். அந்த எல்லை அதிர்வெண்தான் கிராஸ்ஓவர். அதற்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். திரைப்பட ஒலிக்கான 'டிஎச்எக்ஸ்' தரநிர்ணயமும் அதையே கொண்டுள்ளது. கைப்பிடி அளவுள்ள சிறு ஸ்பீக்கர்களுக்கு 120 வரை ஏற்ற வேண்டியிருக்கலாம். சப்வூஃபரின் பின்புறத்தில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்ச அளவுக்குத் திருப்பி வைத்துவிட வேண்டும். ரிசீவரும் சப்வூஃபரும் இருமுறை வடிகட்டினால் நடுவே ஓர் ஓட்டை விழும்.

அறை எதிரொலிக்கிறது. என்ன செய்யலாம்?

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று உலோகத் தொனியில் ஒரு வால் நீண்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். அத்தகைய அறையில் விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் வசனம் குழம்பத்தான் செய்யும். தடித்த, மடிப்பு மடிப்பான திரைச்சீலை, சோபாவுக்கும் திரைக்கும் இடையே கனமான கம்பளம், புத்தகங்கள் ஒழுங்கின்றி அடுக்கிய திறந்த அலமாரி ஆகியவை பெரிய வேறுபாட்டைத் தரும். பவானி ஜமக்காளம் அழகாக இருக்கும். ஆனால் மெல்லியதாகையால் மிக உயர்ந்த ஒலிகளை மட்டுமே சற்று அடக்கும். அடியில் தடித்த ஃபெல்ட் விரித்து அதன் மேல் போட்டால் பலன் கூடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. அது எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்துத் தானாகச் சரிசெய்யும் வசதி நம்பத்தக்கதா?

ஒடிஸி, டிராக், யமஹாவின் ஒய்பிஏஓ போன்ற தானியங்கி மென்பொருள்கள் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் அளவையும் கணக்கிட்டு, அறையால் ஏற்படும் மேடுகளை ஓரளவு குறைக்கின்றன. ஒலி ஓரடி கடக்க ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், தொலைவைச் சரியாகப் பதிவுசெய்வது முக்கியம். அளக்கும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, மைக்கைச் சோபாவின் சாய்வில் செருகாமல், முக்காலியில் காது உயரத்தில் பொருத்த வேண்டும். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அந்த அளவீட்டைத் திரும்பச் செய்வதே நல்லது.

முடிவுகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெரிய ஸ்பீக்கர்களை அது 'லார்ஜ்' என்று குறித்திருந்தால் 'ஸ்மால்' என மாற்றி 80 ஹெர்ட்ஸ் வைக்கலாம். சப்வூஃபரின் தொலைவு டேப்பில் அளந்ததைவிடச் சில அடி கூடுதலாகக் காட்டினால், அதைத் திருத்தக் கூடாது. சப்வூஃபரின் உள்மின்சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. சப்வூஃபர் அளவு −12 டெசிபெல் என்று கடைசி எல்லையில் நின்றால், அதன் பின்னுள்ள ஒலிக்குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நிலையலையால் ஒலி மறையும் பள்ளத்தை எந்த மென்பொருளும் நிரப்ப முடியாது. அதற்கு இடத்தை மாற்றுவதே வழி.

டிவியையும் ரிசீவரையும் எந்தக் கேபிளால் இணைப்பது?

எச்டிஎம்ஐ இருக்கும்போது அதையே பயன்படுத்த வேண்டும். ஆப்டிகல் கேபிள் சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரை கொண்டுவரும். அட்மாஸ் அதில் வராது. டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி ஏஆர்சி. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த அது, ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வழியிலான அட்மாஸைக் கடத்த வல்லது. ப்ளூரே வட்டில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவை டிவி வழியாக ரிசீவருக்கு வர வேண்டுமானால், இரண்டு கருவிகளிலும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி தேவை. டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளிலும் இந்த வசதி இருக்காது. அருகில் 'ஏஆர்சி' என்று அச்சிட்ட துளையில்தான் செருக வேண்டும்.

எல்லாம் இணைத்தும் முன்புற இரண்டில் மட்டுமே ஒலி வருகிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை டிவியின் அமைப்புதான் காரணமாக இருக்கும். ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்றிருந்தால், பெரும்பாலான டிவிகள் இரண்டு சேனல்களாகச் சுருக்கித்தான் அனுப்பும். அதை 'ஆட்டோ', 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என மாற்ற வேண்டும். அடுத்து, ஓடிடி செயலியில் அந்தப் படத்துக்கு 5.1 தடம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சேவைகள் அட்மாஸை உயர்கட்டணத் திட்டத்தில் மட்டுமே தருகின்றன. 2018-க்குப் பிந்தைய சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் வசதி இல்லாததால், பென்டிரைவில் உள்ள டிடிஎஸ் கோப்புகள் அவற்றில் ஒலியின்றி ஓடும். செட்டாப் பாக்ஸ் சேனல்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவில்தான் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' அல்லது 'டிடிஎஸ் நியூரல் எக்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்தால், வசனத்தைச் சென்டருக்கும் சூழலொலியைப் பக்கங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

காங்கிரீட் கூரையில் அட்மாஸ் எப்படி அமைப்பது?

கூரைக்குள் புதைக்கும் ஸ்பீக்கருக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டும். அது இல்லாத வீட்டில், 2 அல்லது 3 கிலோ எடையுள்ள சிறு ஸ்பீக்கர்களைத் தகுந்த தாங்கியும் ஆங்கர் போல்ட்டும் கொண்டு கூரையின் மேற்பரப்பில் பொருத்தலாம். இரண்டு மட்டும் வைப்பதானால் தலைக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ வர வேண்டும். மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் தெறிக்கவைக்கும் ஸ்பீக்கர்களுக்கு 7½ முதல் 12 அடி உயரத்தில் தட்டையான, கடினமான கூரை தேவை என்று டால்பி சொல்கிறது. அவ்வகையில் பூசிய காங்கிரீட் தளம் மிகப் பொருத்தமானது. இடைஞ்சல் எல்லாம் ஒலி தெறிக்கும் இடத்தில் குறுக்கே வரும் உத்தரமும், சுழலும் மின்விசிறியும்தான். 5.1 இன்னும் சரியாக அமையாத வீட்டில் கூரை ஸ்பீக்கர்களுக்குச் செலவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உதடசைவும் ஒலியும் ஒட்டவில்லையே?

ஒலி முந்தி வந்தால் ரிசீவரின் 'லிப் சிங்க்' அமைப்பில் தாமதத்தைக் கூட்டலாம். ஒலி பிந்தி வந்தால் ரிசீவரால் ஒன்றும் செய்ய முடியாது. ப்ளூடூத் இணைப்பைத் தவிர்த்துக் கேபிளுக்கு மாறுவதும், டிவியின் ஒலி மெருகூட்டும் வசதிகளை அணைப்பதுமே வழி.

எந்த ஸ்பீக்கர் வயர் வாங்க வேண்டும்?

வீட்டு அளவுக்கு 1.5 சதுர மி.மீ. தடிமனுள்ள தூய செம்புக் கம்பி போதும். 10 மீட்டர் தொலைவுக்கு அதன் மொத்த மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம்தான். அதற்குமேல் நீண்டால், அல்லது 4 ஓம் ஸ்பீக்கரானால், 2.5 எடுக்கலாம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பிகள் மலிவாகக் கிடைக்கும், தவிர்க்கவும். ஸ்பீக்கர் வயரை வீட்டு மின்வயர் செல்லும் அதே குழாயில் இழுப்பது பாதுகாப்புக்கும் ஒலிக்கும் கேடு. புதுவீடு கட்டுவோர் பூச்சு வேலைக்கு முன்பே தனிக் குழாய் பதித்துவிட வேண்டும்.

சுவருக்குள் சென்ற வயரில் எது நேர்முனை என்று தெரியாமல் போனால், ரிசீவர் பக்க முனைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால், பேட்டரியின் நேர்முனை தொட்ட கம்பியே நேர்முனை.

தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், அந்த வயர் வழியாக வேறோர் எர்த் இணைப்பு உள்ளே நுழைகிறது என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்த பலகையில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையேல் அந்தப் பெட்டியை மட்டும் ஆப்டிகல் கேபிளில் இணைக்கலாம். இரைச்சலைப் போக்க மூன்று முனைப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுமாறு சிலர் சொல்வார்கள். அது உயிருக்கு ஆபத்தானது. ஒருபோதும் செய்யக் கூடாது.

பெட்டியோடு மொத்தமாக வாங்கிய பழைய ஹோம் தியேட்டரை மேம்படுத்த முடியுமா?

ஓரளவுக்குத்தான். அவற்றின் ஸ்பீக்கர்கள் பல 3 அல்லது 4 ஓம் அளவில், அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட பிளக்கோடு வருகின்றன; புதிய ரிசீவரோ 6 அல்லது 8 ஓமை எதிர்பார்க்கும். அதன் சப்வூஃபரில் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்காது என்பதால், அதையும் ரிசீவரில் இணைக்க இயலாது. ரிசீவரும் இரண்டு முன்புற ஸ்பீக்கர்களும் புதிதாக வாங்கிவிட்டு, ஓம் அளவு பொருந்தினால் மட்டும் பழைய சிறு ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில் சில காலம் ஓட்டலாம்.

நல்ல பழைய ரிசீவர் இருக்கிறது. 4கே படம் அதன் வழியே போகவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. படக்கருவிகளை நேரே டிவியில் இணைத்துவிட்டு, டிவியிலிருந்து ஏஆர்சி அல்லது ஆப்டிகல் மூலம் ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவந்தால் போதும். அட்மாஸும் இழப்பற்ற ஒலியும் கட்டாயம் தேவை என்று தோன்றும் நாளில் புதியதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அதைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள். தூசி படாமல் இருக்கட்டும் என்று ரிசீவரின் மேல் பூவேலைத் துணி போர்த்துவதும், அதன்மேல் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைப்பதும் நம் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி. மேல்பக்கம் குறைந்தது 4 அங்குலம் திறந்திருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்க முடியுமா?

வசனமும் இசையும் மூடிய கதவைத் தாண்டி அதிகம் போகாது. தளம் வழியாக இறங்குவது ஆழ்ந்த ஒலிதான். சப்வூஃபரின் அடியில் தடித்த ஃபோம் மேடை வைத்தால் அதிர்வு நேரடியாகத் தளத்தில் ஏறுவது குறையும். ஆனால் காற்றுவழியே பரவும் ஒலி குறையாது. இரவில் சப்வூஃபர் அளவைத் தனியாக 5, 6 டெசிபெல் இறக்கி, நைட் மோடை இயக்குவதே நடைமுறைக்கு உகந்தது.

பயன்படுத்திய கருவிகளை வாங்கலாமா?

ஸ்பீக்கர்களைத் தாராளமாக வாங்கலாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால், சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பராக இருந்தால் நீடிக்கும். கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தும்போது உரசும் ஓசை கேட்டால், உள்ளே சுருள் பழுது என்று பொருள்; அதை விட்டுவிடலாம். பின்புற முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ரிசீவரை வாங்கும்போது எல்லா எச்டிஎம்ஐ துளைகளிலும் படம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, அரை மணி நேரம் உரக்க ஓடவிட்டு, தானாக அணைந்துபோகாமல் இருக்கிறதா என்று கவனித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அளவீட்டு மைக் கூடவே வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும், தனியாகத் தேடினால் எளிதில் கிடைக்காது.